தடுமாறும் மாணவருக்கு வெளித்துணை: அரசு உயர்நிலைப் பள்ளியும் மாற்றுக் கல்வி அமைப்பும் சேர்ந்து இயங்கும் முறை

தடுமாறும் மாணவருக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் தரும் வெளி அமைப்போடு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று கைகோக்கும்போது பெரும்பாலும் விழாதான் முதலில் நடக்கிறது. கையெழுத்தாகும், படம் எடுப்பார்கள். மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தால், வந்த பயிற்றுநர் உட்கார இடமில்லாமல் வராந்தாவில் நிற்பார். அவரிடம் வரவேண்டிய மாணவர் அந்த நேரத்தில் எந்த வகுப்பில் இருக்கிறார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பணமோ ஆளோ இல்லாமல் இத்தகைய ஏற்பாடுகள் முறிவதும் உண்டு. ஆனால் பெயர்ப்பட்டியல், பாடவேளை, அறை, மதிப்பெண் ஆகிய நான்கையும் முன்கூட்டியே பேசி முடிக்காததால் முறிவதே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. இந்த வழிகாட்டி அந்த நான்கையும் சுற்றியே போகும். தலைமையாசிரியர், பள்ளியின் பொறுப்பாசிரியர், வெளி அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஆகிய மூவருக்கும் இது பொது.

முதல் வேலை: பெயர்ப்பட்டியல்

எந்த அமைப்போடும் பேசுவதற்கு முன் பட்டியலைத் தயாரித்துவிடுங்கள். பட்டியல் இல்லாமல் பேசினால், அவர்களிடம் இருக்கிற திட்டத்துக்கு ஏற்ற மாணவர்களைத் தேடும் வேலைதான் பள்ளிக்கு மிஞ்சும்.

தேவையான தகவல் மூன்றுதான்: வருகை, நடத்தைக் குறிப்பு, முக்கியப் பாடங்களின் மதிப்பெண். வராத நாளுக்குப் பரவலாகப் பயன்படும் எல்லை 10 சதவீதம். 180 வேலைநாள் கொண்ட ஆண்டில் 18 நாள், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 2 நாள். விடுப்புக் கடிதம் கொடுத்த நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். காரணம் எதுவானாலும் அன்றைய பாடம் போனது போனதுதான். பள்ளியின் சராசரி வருகை 93 சதவீதம் என்று மேலிடத்துக்குப் போகும் அறிக்கையை இதற்கு நம்பவேண்டாம். அந்தச் சராசரிக்குள் 10 சதவீத எல்லையைத் தாண்டியவர்கள் ஒரு வகுப்புக்கு ஐந்தாறு பேர் ஒளிந்திருக்கலாம். ஆண்டின் முதல் 20 வேலைநாள் முடிந்ததும் வருகைப்பதிவேட்டை எடுத்து, 2 நாளோ அதற்கு மேலோ வராதவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பருவத்தேர்வு முடியும்வரை காத்திருந்தால் பாதி ஆண்டு கையைவிட்டுப் போயிருக்கும்.

இடம் குறைவாக இருந்தால் 9ஆம் வகுப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2005இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல ஆதாரம். 9ஆம் வகுப்பு முடிவில் போதிய கிரெடிட்டுகளோடு (பாடத்தில் தேறினால் பள்ளிக் கணக்கில் ஏறும் புள்ளிகள்), முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் இருந்த மாணவர், அப்படி இல்லாதவரைவிட நான்கே ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் அதிகம் என்று அது காட்டியது. இறுதி வகுப்பில் தேர்ச்சி விகிதத்தை உயர்த்தவே பள்ளிகள் ஆள் தேடுகின்றன. அந்த அவசரம் புரிகிறது. ஆனால் அங்கே வந்து சேரும்போது படிப்பை விடக்கூடியவர்கள் பலர் ஏற்கெனவே விட்டுப் போயிருப்பார்கள்.

ஆசிரியர்களிடம் ‘யாரை அனுப்பலாம்?’ என்று மட்டும் கேட்டுப் பட்டியல் போடாதீர்கள். வகுப்பில் சத்தம் போடுகிறவர்களின் பெயர்கள்தான் முதலில் வரும். ஒன்றும் பேசாமல், ஒன்றும் எழுதாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவி பட்டியலில் வரவே மாட்டாள். பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்தபின் ஆசிரியரிடம் காட்டி, ‘யார் விடுபட்டிருக்கிறார்கள்?’ என்று கேட்பதே சரியான வரிசை.

என்ன தடை என்று பிரித்தல்

பட்டியலில் உள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் செலவிட வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் வாசிப்பும் கணக்கும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் ஆய்வில் 2005 முதல் பயன்படுத்திவரும் முறை இதற்குப் போதும். எழுத்து, சொல், எளிய பத்தி, சற்று நீண்ட கதை என்ற வரிசையில் சத்தமாக வாசிக்கச் சொல்வது. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். உயர்நிலைப் பள்ளிக்கு இதோடு இரண்டு சேருங்கள்: 1/3, 1/4 இவற்றில் எது பெரிது, –3இலிருந்து 5ஐக் கழித்தால் என்ன. இயற்கணிதத்தில் தோற்கும் மாணவர்களில் பலர் உண்மையில் இந்த இரண்டில்தான் நின்றிருப்பார்கள். எழுத்துத் தேர்வாக வைக்காதீர்கள். பார்த்து எழுதிவிடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.

மீதி நேரம் பேச்சு. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், பள்ளி முடிந்ததும் எங்கே போவாய், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய், எந்தப் பாடவேளை வரும்போது ஓடிவிடலாம் என்று தோன்றும். ‘ஏன் படிக்கவில்லை?’ என்ற கேள்வியைத் தவிருங்கள். அதற்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் உண்டு: தலை குனிவது.

இதன்பின் பட்டியல் தானாகவே மூன்றாகப் பிரியும். அடிப்படை வாசிப்பிலோ கணக்கிலோ ஓட்டை உள்ளவர்கள் ஒரு பிரிவு. படிக்க முடிந்தும் வேலை, வீட்டுப் பொறுப்பு, நோய், கேலி, பயம் காரணமாக வராதவர்கள் இன்னொரு பிரிவு. தோற்ற பாடங்கள் சேர்ந்துபோய் ‘இனி முடியாது’ என்று முடிவு கட்டிவிட்டவர்கள் மூன்றாவது. ஒரே மாணவர் இரண்டில் வரலாம். அப்படியானால் முதலில் வருகையைக் கவனியுங்கள். வராதவருக்கு எந்தப் பயிற்சியும் போய்ச் சேராது.

எந்தத் தடைக்கு எந்தத் துணை

அடிப்படை ஓட்டைக்குத் தேவை அடர்த்தியான தனிப்பயிற்சி. சிகாகோ அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களோடு 2013–14 முதல் நடந்த கணிதப் பயிற்சி இதில் அதிகம் பேசப்படும் மாதிரி. ஒரு பயிற்றுநருக்கு இரண்டே மாணவர். தினமும் ஒரு முழுப் பாடவேளை. பள்ளி நேரத்துக்குள்ளேயே, கால அட்டவணையில் ஒரு பாடமாக. பயிற்றுநர்கள் பெரும்பாலும் ஆசிரியர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஓராண்டுப் பணிக்கு எளிய உதவித்தொகையில் வந்த பட்டதாரிகள். பயிற்சி யாருக்கு என்று முறையாகக் குலுக்கல் போட்டு, கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்ட ஆய்வில் கணித மதிப்பெண் கண்கூடாக உயர்ந்தது. இருவருக்குப் பாடம் சொல்ல முப்பது பேரை அடக்கும் திறன் தேவையில்லை என்பதுதான் இங்கே சூட்சுமம். மாலையிலோ சனிக்கிழமையிலோ வைத்தால் இந்தப் பலன் கரைந்துவிடும். மிகவும் தேவைப்படுகிறவர்தான் அப்போது வரமாட்டார்.

வராதவர்களுக்கு வழிகாட்டி வேண்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் உருவான ‘செக் அண்ட் கனெக்ட்’ முறையில் ஒரு வழிகாட்டி வருகை, மதிப்பெண், நடத்தை மூன்றையும் தொடர்ந்து பார்த்து, மாணவரைத் தவறாமல் சந்தித்து, வீட்டோடும் பேசுவார். அங்கே வழிகாட்டி குறைந்தது இரண்டு ஆண்டு உடனிருக்க ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். இந்த நிபந்தனையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளும் அமைப்புகள் நிறைய. நாலு மாதத்தில் போய்விடுகிற வழிகாட்டி, பெரியவர்கள் போய்விடுவார்கள் என்று ஏற்கெனவே நம்பும் பிள்ளைக்கு அந்த நம்பிக்கையை உறுதிசெய்துவிட்டுப் போகிறார்.

வகுப்பறையே ஒத்துவராதவர்களுக்குப் பணியிடக் கல்வி. நியூயார்க்கில் 1972இல் தொடங்கிய ‘சிட்டி ஆஸ் ஸ்கூல்’ மாணவர்களை நகரின் நிறுவனங்களுக்கு அனுப்பி அந்த வேலைக்கே பள்ளி கிரெடிட் கொடுத்தது. பிராவிடென்ஸ் நகரில் 1996இல் திறந்த ‘மெட்’ பள்ளி வாரத்தில் இரண்டு நாளைப் பணியிடத்துக்கு ஒதுக்கியது. இதை எடுத்துச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே செய்யும் வேலை எந்தப் பாடத்தின் எந்த அலகுக்குச் சமம் என்று பாட ஆசிரியர் முன்கூட்டியே எழுதித் தருவதை. அது இல்லாவிட்டால் பிள்ளை கூலியில்லா வேலையாள் ஆகிவிடுவார்.

தோற்ற பாடங்களை மீட்க, கணினிவழிப் பாடத்தை விற்கும் நிறுவனங்கள் முதலில் கதவைத் தட்டும். சிகாகோவின் 17 உயர்நிலைப் பள்ளிகளில், 9ஆம் வகுப்பு இயற்கணிதத்தில் தோற்றவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை இணையவழியிலும் மறுபகுதியை ஆசிரியரிடம் நேரிலும் படிக்க வைத்தார்கள். கிரெடிட் பெற்றவர்கள் இணையவழியில் 66 சதவீதம், நேர்முக வகுப்பில் 76 சதவீதம். ஏற்கெனவே தனியாகப் படிக்கத் திணறியவரைத் திரை முன்னால் தனியாக உட்காரவைத்தால் வேறென்ன நடக்கும்? திரையைப் பயன்படுத்தலாம், பக்கத்தில் பாடம் தெரிந்த ஒருவர் இருந்தால். இல்லையென்றால் விடை தெரியாத கேள்விகளைச் சொடுக்கிச் சொடுக்கியே கடந்துவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவில் நெடுங்காலமாக இயங்கும் ‘கம்யூனிட்டீஸ் இன் ஸ்கூல்ஸ்’ அமைப்பின் தனிநபர் கவனிப்பைக் குலுக்கல் முறையில் ஆய்வு செய்தபோது, வருகையிலோ மதிப்பெண்ணிலோ முன்னேற்றம் தெரியவில்லை. நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம், பழுத்த அனுபவம் எல்லாம் இருந்தும் அப்படி. ஆகவே ‘எங்களுக்கு இருபது வருட அனுபவம்’ என்று ஓர் அமைப்பு சொன்னால், ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை நிமிடம், எந்த வேலைக்கு என்று கேளுங்கள். வாரத்துக்கு அரைமணிக்கும் குறைவாக வந்தால் அதை உதவிக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஆள் கணக்கும் பாடவேளையும்

முதல் ஆண்டுக்கு 24 மாணவர் போதும். கணக்கு இப்படிப் போகும்: இருவர் இருவராக 12 இணை. தினமும் முடியாத பள்ளியில் இணைக்கு வாரம் 3 பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 36. ஒரு பயிற்றுநர் நாளுக்கு 4 பாடவேளை எடுத்தால் வாரத்துக்கு 20. இரண்டு பயிற்றுநர் சேர்ந்து 40. மிஞ்சும் 4 பாடவேளை, வராத நாளை ஈடுகட்ட. நாளுக்கு 6 பாடவேளை எடுக்கச் சொல்லி ஆளைக் குறைக்கப் பார்க்காதீர்கள். தயாரிப்புக்கும், வகுப்பாசிரியரோடு பேசவும், வராத மாணவர் வீட்டுக்கு போன் செய்யவும் நேரம் இல்லாமல் அவர் இரண்டாம் பருவத்திலேயே வேலையை விட்டுவிடுவார். குழுவை நாலு பேர்வரை பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் அது இன்னொரு வகுப்பு, அவ்வளவுதான்.

எந்தப் பாடவேளையிலிருந்து எடுப்பது என்பதில்தான் சண்டை வரும். கணிதப் பயிற்சிக்காகக் கணிதப் பாடவேளையிலிருந்து எடுத்தால் அன்றைய பாடம் போய், ஓட்டை இன்னும் பெரிதாகும். விளையாட்டிலிருந்தும் ஓவியத்திலிருந்தும் எடுத்தால், பிள்ளை பள்ளிக்கு வருவதற்கே இருந்த ஒரே காரணத்தைப் பறித்ததாகும். விருப்பப் பாடம் ஒன்றுக்குப் பதிலாக அல்லது தனிப்படிப்புக்கென்று விடப்பட்ட பாடவேளையில் வைப்பது நல்லது. கால அட்டவணை போடும் ஆசிரியரை ஆண்டு தொடங்குவதற்கு 8 வாரம் முன்பே உட்காரவைத்துப் பேசுங்கள். அட்டவணை ஒட்டியபின் கேட்டால் எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்காது.

அறை: தேர்வுக் காலத்தில் பறிபோகாத ஒன்று, சன்னல் அல்லது கண்ணாடிக் கதவோடு, பூட்டுள்ள ஓர் அலமாரியோடு. சாவி இரண்டு, ஒன்று பயிற்றுநரிடம். அலுவலகப் பக்கத்திலோ தண்டனைக்கு உட்காரவைக்கும் இடத்திலோ இருக்கக்கூடாது. நூலகத்தின் ஒரு மூலை பல பள்ளிகளில் நன்றாகப் பொருந்துகிறது. அங்கே போவதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நோக்கம், தொலைநோக்கு போன்றவை ஒரு பத்தியில் முடியட்டும். மீதி எல்லாம் யார், எப்போது, எவ்வளவு.

பள்ளித் தரப்பில் ஒரு பொறுப்பாசிரியர், பெயரோடு. அவருக்கு வாரம் குறைந்தது 3 பாடவேளை விடுவிப்பு. இருக்கிற வேலையோடு இதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்க்கமாட்டார், பார்க்கவும் முடியாது. அமைப்பின் தரப்பில் ஓர் ஒருங்கிணைப்பாளர், அவர் இல்லாதபோது யார் என்பதோடு. பயிற்றுநர் வராத நாளில் மாற்று ஆள் வருவாரா, மாணவர் வகுப்புக்குத் திரும்புவாரா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பாதுகாப்பு விதிகளில் விட்டுக்கொடுப்பே கூடாது. வருகிற ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த சான்று முதல் நாளுக்கு முன் பள்ளிக் கோப்பில் இருக்க வேண்டும். மூடிய கதவுக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக்கூடாது. தனிப்பட்ட எண்ணிலிருந்து மாணவருக்குச் செய்தி அனுப்பக்கூடாது. சொந்த வண்டியில் ஏற்றிப்போகக் கூடாது. துன்புறுத்தல் பற்றி மாணவர் வாய்திறந்தால் பயிற்றுநர் யாரிடம் சொல்ல வேண்டும், அன்றே சொல்ல வேண்டும் என்பதும் இதில் வரும். வெளியிடத்துக்கு அனுப்பினால் போக்குவரத்து யார் பொறுப்பு, காப்பீடு யாருடையது என்பதையும் சேருங்கள்.

தகவல் பகிர்வைப் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பிறகு அதுவே முதல் முட்டுக்கட்டை ஆகிறது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமை, தனியுரிமைச் சட்டப்படி மாணவர் பதிவுகளை வெளியாருக்குக் கொடுக்கப் பொதுவாகப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். பள்ளியின் பணியைப் பள்ளியின் நேரடிக் கட்டுப்பாட்டில் செய்யும் அமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. எந்த நாட்டுச் சட்டமானாலும், சேர்க்கைப் படிவத்திலேயே ஒப்புதல் வாங்கிவிடுவது எளிது. என்னென்ன தகவல் போகும் என்று பெற்றோருக்குப் புரியும் மொழியில் வரிவரியாக எழுதுங்கள்: வருகை, பாட மதிப்பெண், கால அட்டவணை. மருத்துவக் குறிப்பும் குடும்ப விவரமும் தேவையில்லை, கொடுக்காதீர்கள்.

மதிப்பெண். பயிற்சியில் செய்த வேலை பள்ளிக் கணக்கில் ஏறுமா? ஏறும் என்றால் எந்தப் பாடத்தில், எத்தனை, யார் கையெழுத்தில்? இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கினால் ஆண்டு முடிவில் பிள்ளை இரண்டு இடத்திலும் உழைத்து ஒரு இடத்திலும் தேறாமல் நிற்பார். பாட ஆசிரியரே மதிப்பிட்டுக் கையெழுத்திடும் ஏற்பாடு மெதுவானது. ஆனால் பின்னால் யாரும் கேள்வி கேட்கமுடியாது.

கடைசியாக வெளியேறும் விதி. இரு தரப்புக்கும் 60 நாள் முன்னறிவிப்பு, பருவத்தின் நடுவில் நிறுத்தக்கூடாது.

முதல் ஆறு வாரம்

முதல் வாரத்தில் பாடம் வேண்டாம். பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். வர முடியாதவரைப் போனில் பிடியுங்கள். ‘உங்கள் பிள்ளை பின்தங்கியிருக்கிறார்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இருக்கிற இடங்களில் ஒன்றை உங்கள் பிள்ளைக்கு ஒதுக்கியிருக்கிறோம், வாரம் மூன்று முறை இருவருக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்லுங்கள்; அது உண்மையும்கூட. மாணவருக்கு மறுக்கும் உரிமை இருக்கட்டும். இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் தங்கிவிடுவார்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு வகுப்பும் ஒரே ஒழுங்கில் போகட்டும். 45 நிமிடம் என்றால் முதல் 5 நிமிடம் நேற்றையதில் ஒரு கணக்கு, 15 நிமிடம் ஓட்டையை அடைக்கும் அடிப்படைப் பயிற்சி, 20 நிமிடம் இந்த வாரம் வகுப்பில் நடக்கும் பாடம், கடைசி 5 நிமிடம் தாளில் இரண்டு கேள்வி. அடிப்படையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் வகுப்பில் அதே தோல்வி தொடர்ந்து மனம் விட்டுப்போகும். வகுப்புப் பாடத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டுப்பாட உதவியாகச் சுருங்கி, ஓட்டை அப்படியே இருக்கும்.

வாரம் ஒருமுறை 30 நிமிடக் கூட்டம்: பொறுப்பாசிரியர், ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர்கள். ஒரே ஒரு தாள். பெயர், இந்த வாரம் பள்ளிக்கு வந்த நாள், பயிற்சிக்கு வந்த முறை, கடைசி இரண்டு கேள்வியின் விடை, அடுத்த வாரம் யார் என்ன செய்வது. எல்லாப் பெயரையும் பேசாதீர்கள். சரிந்த ஐந்து பெயரை மட்டும். மாணவர் வராத அன்றே, காலை இரண்டாம் பாடவேளைக்குள் வீட்டுக்கு அழைப்பு போகவேண்டும். வாரக் கடைசியில் அழைத்தால் அது விசாரணையாக மாறிவிடும்.

ஆறாம் வாரம் முடிவில் தொடக்கத்தில் வைத்த அதே வாய்மொழிச் சோதனையை மறுபடி வையுங்கள். ஒரு படி ஏறியவரை அப்படியே தொடரவிடுங்கள். ஏறாதவர் பயிற்சிக்கு எத்தனை முறை வந்தார் என்று பாருங்கள். நடந்த 15இல் 13 வந்தும் ஏறவில்லை என்றால் பயிற்சிமுறையில் கோளாறு, அல்லது பார்வை, செவித்திறன், கற்றல் குறைபாடு ஏதோ இருக்கிறது; முறையான பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணாடி இல்லாததால் கரும்பலகை தெரியாமல் மூன்று ஆண்டு ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு. 15இல் 6 முறைதான் வந்தார் என்றால் பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள். வருகைப் பிரச்சினை, வழிகாட்டியிடம் போகட்டும்.

தள்ளிவிடும் கதவாக மாறும் ஆபத்து

வெளி அமைப்பு என்று ஒன்று வந்ததும், தொல்லை கொடுக்கிறவர்களை அங்கே அனுப்பிவிட்டு வகுப்பை அமைதியாக நடத்தும் ஆசை எந்தப் பள்ளிக்கும் வரும். தேர்ச்சி விகிதம் பார்க்கப்படும் இடத்தில் இன்னொரு ஆசையும் வரும்: தேறமாட்டார் என்று தோன்றுகிறவரைப் பள்ளிப் பட்டியலிலிருந்தே நகர்த்திவிடுவது. இங்கிலாந்தில் இந்த வழக்கம் பெரிய விவாதமாகி, 2019இல் எட்வர்ட் டிம்ப்சன் தலைமையில் வந்த அரசு ஆய்வறிக்கை, வெளியேற்றிய மாணவரின் படிப்புக்கும் தேர்வு முடிவுக்கும் வெளியேற்றிய பள்ளியே பதில் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பொறுப்பை உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மாணவர் முழுநேரமாக வெளி அமைப்பின் மையத்தில் படித்தாலும் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், முடிவு பள்ளிக் கணக்கில் சேரும், வகுப்பாசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்குப் போய் அவரைப் பார்ப்பார்.

திரும்பிவரும் நாளையும் அனுப்புவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். 12 வாரம் என்றால் 12 வாரம். எட்டாம் வாரத்தில் ஒரு பாடத்துக்கு மட்டும் பள்ளிக்கு வரட்டும், அவருக்குப் பிடித்த ஆசிரியரின் வகுப்பாக இருந்தால் நல்லது. பத்தாம் வாரத்தில் பாதி நாள். திரும்பிவந்த முதல் நான்கு வாரம் வழிகாட்டியின் சந்திப்பு தொடரவேண்டும். மையத்தில் நன்றாக இருந்த பிள்ளை பள்ளிக்கு வந்ததும் சரிவது பெரும்பாலும் இந்த நான்கு வாரத்தில்தான், ஏனென்றால் அங்கே பன்னிரண்டு பேரில் ஒருவராக இருந்தவர் இங்கே நாற்பது பேரில் ஒருவராகிறார்.

ஆண்டு முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமுன் அமைப்பின் ஆண்டறிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் பட்டியலை எடுங்கள். தொடங்கிய 24 பெயரும் அதில் இருக்கவேண்டும். நடுவில் விட்டுப்போனவரை எடுத்துவிட்டு மீதிப் பேரின் முன்னேற்றத்தைக் காட்டும் கணக்கு செல்லாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று எண்: சென்ற ஆண்டு வராத நாள், இந்த ஆண்டு வராத நாள், தேறிய முக்கியப் பாடங்கள். அதே அளவு தடுமாறியும் இடம் கிடைக்காத மாணவர்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒரேமாதிரி இருந்தால் நேரத்தையும் ஆளையும் மாற்றிப் பேசவேண்டிய கூட்டம் அது. 24 பேரில் யாருக்கு அடுத்த ஆண்டும் அதே பயிற்றுநர் தொடரவேண்டும் என்பதை விடுமுறைக்கு முன்பே முடிவுசெய்து, அந்தப் பெயர்களைக் கால அட்டவணை போடும் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.